இனிஷியல் உள்ள நாய்

ப்ரூனோவுக்கு இனிஷியல் உண்டு. செல்லப்பிராணி மருத்துவமனையில் முதல்நாள் பதிவு போடும்போது வரவேற்பில் இருந்த பெண், “பேஷண்ட் பேரு சொல்லுங்க சார்” என்றாள். சொன்னேன். “ஃபாதர் நேம்?” என்றாள். நான் மனைவியைப் பார்ப்பதற்குள் அவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்று முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஸ்கேன் உறை, மருந்துக்கடை ரசீது எல்லாவற்றிலும் அவன் எஸ். ப்ரூனோ. என் தாத்தா தன் இனிஷியலை முதன்முதலாகப் பயன்படுத்தியது முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டபோது. அதுவும் மணியக்காரர் கேட்டதால்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டில் இருக்கிறது. அங்கே அப்போது நாய்களுக்கென்று மூன்று பெயர்கள்தான் புழக்கத்தில் இருந்தன: மணி, ஜிம்மி, டைகர். தெருமுனையில் நின்று “மணி” என்று குரல் கொடுத்தால் நாலைந்து நாய்களும் இரண்டு மனிதர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். நாயிடம் பேசும் மொழி மட்டும் அப்போதே ஆங்கிலம்தான். கைநாட்டு வைக்கும் தாத்தாகூட எங்கள் மணியை “கமான்”, “கோ” என்றுதான் ஏவுவார். வெள்ளைக்காரன் போகும்போது எதை எடுத்துப் போனானோ, அந்த இரண்டு சொல்லையும் நாய்களுக்காக விட்டுப் போயிருந்தான்.

மணியை யாரும் வாங்கவில்லை. வளர்த்ததாகவும் சொல்ல முடியாது. வந்தான், இருந்தான். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சிய கம்மங்கூழ் வாய் உடைந்த சட்டியில் விழும். மிஞ்சாத நாளில் விழாது. ப்ரூனோ பரம்பரைச் சான்றிதழோடு வந்த லாப்ரடார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் தோழிகளோடு காசு சேர்த்து வாங்கி வந்தாள். பிறகு மேல்படிப்புக்கு டப்ளின் போகும்போது தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, அவன் சான்றிதழையும் அவனையும் எங்களிடம் விட்டுப்போனாள். எங்கள் குடியிருப்பில் மாலையில் நடை போகும் நாய்களைப் பாருங்கள். கயிற்றின் மறுமுனையில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒருவர் இழுபட்டுக்கொண்டிருப்பார்.

கழுத்துப் பட்டையை மாற்றும்போது மனைவியின் கையில் அது தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பெரிய நெல்லிக்காய் அளவில் வீக்கம். தோள்பட்டைக்கு முன்னால் தடவினால் அங்கேயும், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் தடவினால் அங்கேயும். வலி இல்லை, தொட்டால் அவன் அதைத் தடவிக் கொடுப்பதாக நினைத்து மல்லாந்து படுத்தான். மெல்லிய ஊசியால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அந்த இளம் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தார். லிம்ஃபோமா, மூன்றாம் நிலை. வைத்தியம் பார்க்காவிட்டால் நாலு முதல் ஆறு வாரம். ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் இரண்டு மூன்று மாதம். கீமோ முழுசாகக் கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு வீக்கம் வடிந்துவிடும், ஒரு வருஷம் போல நல்லபடியாக ஓடும். “ஆனா திரும்பி வந்துரும் சார். க்யூர்னு நான் சொல்ல மாட்டேன்.”

இதையெல்லாம் நோயாளியின் முன்னிலையிலேயே சொன்னார். நோயாளி எடைமேடையை நக்கிக்கொண்டிருந்தான்.

1987ல் தாத்தாவுக்குக் கன்னத்தில் புற்று வந்தபோது அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலம் முழுவதும் புகையிலையை அடக்கி வைத்திருந்த அதே பக்கம். மதுரையில் பார்த்த டாக்டர் அப்பாவை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார். அப்பா திண்ணையில் வைத்துச் சித்தப்பாக்களிடம் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடை, கிணற்றடி, ரேஷன் கடை வரிசை எங்கும் அதுதான் பேச்சு. தாத்தாவிடம் மட்டும் “சொத்தைப் பல் குத்திக் கன்னம் புண்ணாயிருச்சு” என்று வைத்துக்கொண்டோம். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பல்லைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். வந்தவர் கண் கலங்கினால், “ஒரு பல்லுக்கா இம்புட்டு?” என்று தாத்தா கேட்பார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் நாடகம் கெட்டுவிடக் கூடாதே என்று அவரும் நடித்தார்.

அவரை அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாப்பிடியாக நின்று 1954ல் உண்டாக்கிய மருத்துவமனை. தென்மாவட்டத்து ஏழைகளுக்கு அந்த ஊர்ப்பெயரே நோயின் பெயராக இருந்தது. “அடையாறு போயிருக்காக” என்றால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். தாத்தாவிடம் பட்டணத்தில் பல் நன்றாகப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தோம். அங்கே அவருக்குக் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் அதுதான் பெயர். காத்திருந்த கூடத்தில் வரிசை வரிசையாகக் கன்னம் வீங்கியவர்கள், தொண்டையில் கட்டு போட்டவர்கள். யாரும் யாரிடமும் எதற்காக வந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் ஆளுக்கொரு பல்லுக்காக வந்தவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

ப்ரூனோவுக்காக வேப்பேரிக்கும் போய் ஒரு அபிப்பிராயம் கேட்டோம். 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு மருந்தும் டாக்டரும் அனுப்பிய பரம்பரையின் தலைவாசல் அது. கூண்டில் கிளி, சாக்குப்பையில் சேவல், மடியில் பூனை என்று உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஓர் ஆட்டோக்காரர் தன் வெள்ளை ஸ்பிட்ஸ் நாயை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மடியில் கட்டி. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு அதிகம் வருவது அதுதான். “சார், ஒங்களுதுக்கு எந்த எடத்துல?” என்று சத்தமாகவே கேட்டார். சொன்னேன். “லிம்போமாவா? பி செல்லா டி செல்லா?” என்றார். பி என்றால் கொஞ்சம் தேவலாம் என்று எனக்குத் தைரியமும் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தில் நாடு முன்னேறவில்லை என்று யார் சொன்னது?

வைத்தியம் ஆரம்பமானது. நாலு மருந்துகள் மாறி மாறி, அரை வருஷத்துக்கு நீளும் ஒரு அட்டவணை. மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்துகள்தான், அளவு குறைவு. குணப்படுத்துவதாக நினைத்து உயிரை எடுத்துவிடக் கூடாது என்பதால் நாய்களுக்கு மட்டாகத்தான் கொடுக்கிறார்கள். அந்த அளவை எடையைக் கொண்டு கணக்கிடுவதில்லை, உடம்பின் மேற்பரப்பைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். முப்பத்துநாலு கிலோ ப்ரூனோ ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் காலம் தள்ளிய எனக்கு நாயைச் சதுர மீட்டரில் அளப்பது பிடித்திருந்தது. ரசீதும் ஏறத்தாழ மனை விலைக்கு நெருங்கித்தான் வந்தது. ஒருநாள் பில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அரை வருஷம் வாங்கிய சம்பளத்தைத் தொட்டது. மகள் டப்ளினிலிருந்து பாதியை அனுப்பினாள். மீதிப் பாதியை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதையும் அங்கிருந்தே சொன்னாள்.

சிவப்பு மருந்து ஒன்று உண்டு. அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். அதனால் அரை மணி நேரம் அவன் அசையாமல் இருக்க வேண்டும். அசையாமல் இருப்பதில் அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. நர்ஸ் கையில் பன்னீர் இருந்தது. முடி கொட்டும் என்று பயந்தோம். பெரும்பாலான நாய்களுக்குக் கொட்டாதாம். மீசை மட்டும் உதிர்ந்தது. மீசையில்லாத ப்ரூனோ, ஓய்வுபெற்ற அன்று மழித்துக்கொண்ட எங்கள் பழைய மேலாளரைப் போலவே இருந்தான்.

வீடு முழுக்க ஆஸ்பத்திரியானது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்: குடித்த தண்ணீர், சிறுநீர், மலம், காய்ச்சல். ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் வெள்ளணுக்கள் இறங்கும். அப்போது சுரம் 103 தாண்டினால் ராத்திரி என்றாலும் ஓட வேண்டும். நாய்க்கு வழக்கமே 101, 102 இருக்கும் என்பதை அதற்குமுன் நான் அறிந்திருக்கவில்லை. தெர்மாமீட்டர் வைக்கும் இடத்தையும் அறிந்திருக்கவில்லை. மருந்து அவன் சிறுநீரில் இறங்குவதால் இரண்டு மூன்று நாளைக்குக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். வெளியே போனால் அவன் கால் தூக்கிய இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டவன், இரண்டு லிட்டர் பாட்டிலோடு நாயின் பின்னால் ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

எண்பதைத் தாண்டிய அம்மா வரவேற்பறைக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் நீலக் கையுறையை மாட்டுவதைப் பார்த்து, “எய்யா, அது என்னத்துக்கு?” என்று கேட்டாள். விளக்கினேன்.

“ஒங்க தாத்தாவுக்கு நான் வெறுங்கையாலதான அள்ளுனேன்” என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. விவரமாகத்தான் சொன்னாள். மாமனாருக்குக் கன்னம் ஓட்டையாகி, குடிக்கிற கஞ்சி வெளியே வழிந்த மாதங்களில், சாம்பலும் பழந்துணியும்தான் அவளிடம் இருந்த மருத்துவச் சாதனங்கள். வாடைக்கு வேப்பிலை. ஈ மொய்க்காமல் இருக்கக் கொசுவலை. அதுவும் சித்தி வீட்டிலிருந்து இரவல். சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போன நாட்களில் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தவன் மணி மட்டும்தான். பாசம் என்று சொல்லலாம். தாத்தாவால் விழுங்க முடியாத கஞ்சி முழுவதும் அவனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது என்றும் சொல்லலாம். அவன் வாழ்க்கையில் நேரத்துக்குச் சாப்பிட்ட காலம் அதுதான்.

அந்த நாட்களில் தாத்தா ராத்திரியில் கத்துவார். மார்ஃபின் என்று ஒன்று உலகத்தில் இருந்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் அபினி விற்பவனுக்குப் போட்ட பூட்டு, வலியில் கிடப்பவனின் மாத்திரைக்கும் சேர்த்து விழுந்தது. ஒரு பட்டை மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைக்கு எத்தனையோ உரிமம் வேண்டும். எதற்கு வம்பு என்று பல இடங்களில் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். சட்டத்தைத் தளர்த்தியது 2014ல். சட்டப்படியே அபினி விளைவிக்கும் நாடுகளில் ஒன்றான இந்த நாட்டில், ஊரே கேட்கும்படி ஒரு கிழவர் கத்திக்கொண்டிருக்க, மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்தது தலைவலி மாத்திரை. அம்மா அதை இடித்துக் கஞ்சியில் கலக்குவாள்.

ப்ரூனோவுக்கு வலி வருவதற்கு முன்பே இரண்டு வகை வலி மாத்திரைகள் வீட்டில் இருந்தன. மாத்திரை விழுங்க வைப்பதுதான் பாடாக இருந்தது. சில மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பன்னீரில் வைத்தால் பன்னீரைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் தரையில் வைத்தான். மகள் அனுப்பிய காணொளிகள் பயன்படவில்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். நெய் தடவிய இட்லியில் மூன்று துண்டு. முதல் துண்டு வெறும் இட்லி, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை அவன் கண்ணெதிரே ஆட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுப்பாள். மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவது அப்படியே உள்ளே போகும். ஸ்டீராய்டு தந்த பசி வேறு. “சாகப்போற சீவன் மாதிரியா திங்குது?” என்று அம்மா திருப்தியோடு சொல்வாள். அவன் சாப்பாட்டு நேரம் தாளில் எழுதி ஒட்டியிருந்ததால், அவன் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். மணி இருந்த வீட்டில் இது தலைகீழாக நடந்தது.

அந்த நாலு மருந்தில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் போட்ட ஊசி மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், ஒரு மில்லிகூட வராது. எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் டாக்டரம்மாவைக் கேட்டேன். நித்தியகல்யாணி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

எண்பதுகளில் எங்கள் அப்பா பருத்தியில் கையைச் சுட்டுக்கொண்டு மூன்று ஏக்கரில் நித்தியகல்யாணி போட்டிருந்தார். சுடுகாட்டுப் பூ என்று ஊரில் சிரித்தார்கள். மழை பொய்த்தாலும் தாங்கும். ஆடு மாடு வாய் வைக்காது, அதனால் வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம். இலையைப் பறித்துக் களத்தில் காயவைத்துச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் தூத்துக்குடியிலிருந்து வியாபாரி லாரி கொண்டுவருவார். வேரைத் தனியாக எடுத்துக்கொள்வார். “வெளிநாட்டுக்குப் போகுதாம். என்னமோ மருந்தாம்” என்பதற்குமேல் அப்பாவுக்கும் தெரியாது, வியாபாரிக்கும் தெரியாது. கனடாவில் நோபிள், பியர் என்ற இரண்டு பேர் ஐம்பதுகளில் இந்தச் செடி சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று பார்க்கப் போய், எலிகளின் வெள்ளணுக்கள் இறங்குவதைக் கண்டார்கள்; அங்கிருந்து பிடித்த நூல்தான் புற்றுநோய் மருந்தானது. அறுபதுகளின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டது. டன் கணக்கில் இலை போட்டால் சில கிராம் தேறும். எங்கள் மூன்று ஏக்கர் எந்தப் புட்டியில் எந்தச் சொட்டாகப் போனதோ.

தாத்தா இறந்த மறுவருஷம் மணிக்கு அடிவயிற்றுக்குக் கீழே சதை வளர்ந்தது. பூக்கோசு போல இருக்கும்; எப்போதும் ரத்தம் சொட்டும். சூடு என்றார்கள். பாட்டி வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டாள். அவன் அதை நக்கிவிட்டு வாலாட்டினான். அப்பா ஒருநாள் சந்தைக்குப் போன வண்டியிலேயே அவனையும் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். பார்த்ததுமே இன்னதென்று சொல்லிவிட்டார். “வாரம் ஒரு ஊசின்னு நாலஞ்சு போட்டா சுத்தமாக் கரைஞ்சிரும். மதுரையிலதான் கெடைக்கும். மனுசங்களுக்குப் போடுற புத்துநோய் ஊசி” என்றாராம். கூட இருந்த கம்பவுண்டர் சிரித்தாராம். அப்பாவும் சிரித்திருப்பார். பெற்ற தகப்பனுக்கு வாங்க முடியாததை நாய்க்கு வாங்கினார் என்று ஊர் பேசாதா?

அந்த ஊசியும் வின்கிரிஸ்டின்தான்.

நாய்களுக்கு வரும் புற்றுகளில் இது ஒரு விசித்திரப் பிறவி. கிருமி எதுவும் இல்லை; புற்றணுவே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு, இணையும்போதும் நக்கும்போதும் தாவிக் குடியேறுகிறது. 1876லேயே நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டியை இன்னொன்றின் உடம்பில் வளரவைத்துக் காட்டினார். 2019ல் வந்த மரபணு ஆய்வு இன்னும் தமாஷ்: உலகத்தில் எந்த நாய்க்கு இந்தக் கட்டி வந்தாலும், அது 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் அணுக்கள். அந்த நாய் செத்து எத்தனையோ யுகமாகிவிட்டது. அதன் நோய் மட்டும் சிரஞ்சீவியாகத் தெருத்தெருவாக அலைகிறது. இத்தனை வயதான இந்த நோய், வின்கிரிஸ்டின் ஊசி நாலு முதல் ஆறு போட்டால் பெரும்பாலும் அடங்கிப்போகிறது. ப்ரூனோவுக்கு வந்ததோ அதே மருந்தோடு இன்னும் மூன்றைச் சேர்த்தாலும் அடங்காதது.

மணி அந்தக் கோடை முழுவதும் எங்கள் களத்தில்தான் கிடந்தான். வெயிலுக்கு நிழல் வேண்டும், படுக்க மெத்தென்று வேண்டும். லாரிக்குக் காத்திருந்த நித்தியகல்யாணி மூட்டைகள்மேல் ஏறிப் படுத்துக்கொள்வான். மூட்டையில் ரத்தம் படுகிறது என்று அப்பா கல்லெடுத்து விரட்டுவார். எடை போடும்போது வியாபாரி கழித்துக்கொள்வாரே. அவன் இறங்கி அடுத்த மூட்டைமேல் ஏறுவான். ஆடியில் செத்தான். கிணற்றடித் தென்னைக்குக் கீழே புதைத்தார்கள். அடுத்த வருஷம் காய் நன்றாகப் பிடித்தது என்று பாட்டி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அதற்குமேல் ஒரு நாய்க்கு இரங்கல் உரை கிடையாது.

ப்ரூனோவின் வீக்கம் வடிந்தது. நடுவில் சில மாதங்கள் அவனுக்கு நோய் இருப்பது எங்களுக்கே மறந்துபோயிற்று. பிறகு டாக்டரம்மா சொன்னபடியே திரும்பி வந்தது. இந்தமுறை மருந்து ஏறவில்லை. ஒரு தாளைக் கொடுத்து வாராவாரம் மதிப்பெண் போடச் சொன்னார். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் 2004ல் வகுத்தது. வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு பாடம், ஒவ்வொன்றுக்கும் பத்து. மொத்தம் எழுபதுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்வரை ஓட்டலாம், அதன்கீழ் போனால் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு விதித்த அதே தேர்ச்சி மதிப்பெண்ணை என் நாய்க்கும் விதித்திருந்தார்கள், எழுபதுக்கு என்பதுதான் வித்தியாசம். மனைவி மகிழ்ச்சிக்கு எட்டு போடுவாள், நான் ஆறு போடுவேன், டப்ளினிலிருந்து வீடியோவில் பார்த்து மகள் ஒன்பது போடுவாள். மூன்று பேரும் சேர்ந்து அவனைப் பாஸ் போட்டுக்கொண்டே வந்தோம்.

ஒருநாள் மூன்றாவது துண்டு இட்லியையும் அவன் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளிடம் தாள் கிடையாது.

அன்று ராத்திரி ஊசியைப் பற்றி அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். “வீட்டுக்கே வந்து போடுவாகளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “ஒங்க தாத்தா எங்கிட்டக் கேட்டாரு. ஏதாச்சும் ஊசி இருந்தா போட்டு விட்டுருங்க தாயின்னு. பல்லுக்கு எதுக்கு மாமா அம்புட்டுப் பெரிய ஊசின்னேன்.”

குணமாகாதவர்களுக்கு வைத்திருக்கும் கருவிகளை எடுத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 2018ல். ஊசி போட்டு அனுப்பி வைக்க மனிதனுக்கு இங்கே இன்றும் சட்டம் இல்லை. நாயாகப் பிறந்தவனுக்கு உண்டு. டாக்டரம்மா வந்தார்; அம்மாவின் பழைய சேலை விரிப்பில் அவன் தலை மனைவி மடியில் இருந்தது; அதிக நேரம் ஆகவில்லை. டப்ளினில் மகள் விடுப்பு எடுத்திருந்தாள். நாய் இறந்ததற்கு மூன்று நாள் விடுப்பு கொடுத்தார்கள். தாத்தா இறந்ததற்கு என் மேலாளர் எனக்கு ஒருநாள் கொடுத்துவிட்டு, “தாத்தாதானே?” என்றார்.

தகனத்துக்கு எரிவாயு மேடை, அஸ்திக்குச் சிறு மண்கலயம், அதில் வைக்க அவன் பாதத்தின் அச்சு. எல்லாம் தொகுப்புக் கட்டணத்தில் அடக்கம். கட்டணத்தில் அடங்காதது வீட்டில் மிஞ்சிய மருந்துகள். அதில் அட்டைப் பெட்டி பிரிக்காத இரண்டு வின்கிரிஸ்டின் புட்டிகள் குளிர்பதனப் பெட்டியில் தயிருக்குப் பின்னால் இருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனால் கடையில் வாங்க மாட்டேன் என்றார்கள்.

எங்கள் டி பிளாக் வாசலில் ஒரு கறுப்புப் பெட்டை நாய் உண்டு. காவலாளி அதை ஒடியாவில் என்னமோ சொல்லிக் கூப்பிடுவார், அம்மா கருப்பி என்பாள், குடியிருப்போர் சங்கத்தின் குறிப்பேட்டில் அது ‘டி பிளாக் தொல்லை’. மாநகராட்சி பிடித்துப்போய்க் கருத்தடை செய்து காதில் முக்கோணமாக வெட்டி விட்டது. அதன் பின்புறத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருப்பதை முதலில் பார்த்தது அம்மாதான். பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, “எய்யா, இது மணிக்கு வந்ததுல்லா?” என்றாள்.

டாக்டரம்மா வந்து பார்த்துச் சிரித்தார். பதினாறு கிலோ, ஒரு தடவைக்கு அரைப் புட்டிகூட வேண்டாம். புதிதாக வாங்கினாலும் அந்தப் புட்டி, ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு ஆகாது. காவலாளி வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அவர் முன்னங்காலில் நரம்பு தேடிப் போட்டார். இரண்டாவது ஊசிக்கே சொட்டுவது நின்றது. மூன்றாவதுக்குப் பிறகு கட்டி பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. ஊசியன்று அம்மா இட்லியோடு லிப்டில் இறங்கி வருகிறாள். மாத்திரை இல்லாததால் இப்போது ஒரே துண்டுதான், முழுசாக.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று எங்கள் சங்கச் செயலாளர் குழுவில் மூன்று முறை அதைப் பகிர்ந்தார். பதினோரு நாள் கழித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறியோ மூர்க்கமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று அதே நீதிமன்றம் திருத்திச் சொன்னது. அது அவர் கண்ணில் படவில்லை. ப்ரூனோ இறந்தபோது கண்ணீர் பொம்மைகளோடு முதல் அனுதாபம் அனுப்பியவரும் அவர்தான். போன வாரம் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: பொது இடத்தில், சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல், அடையாளம் தெரியாத பிராணிக்குப் புற்றுநோய் சிகிச்சை அளிப்பது குறித்து வரும் பொதுக்குழுவில் விளக்கம் தர வேண்டும்.

பதில் இன்னும் போடவில்லை. கடைசி ஊசி புதன்கிழமை, பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமைதான்.